ஆங்கிலத்தில் ஜி-யும் ஹெச்-சும் சேர்ந்து வரும் சொற்கள்: எங்கே ஒலிக்கும், எங்கே ஒலிக்காது, என்ன பொருள்

ஆங்கிலம் படிக்கத் தொடங்குகிற எல்லோரும் சீக்கிரமே போய் முட்டிக்கொள்ளும் இரண்டு எழுத்துகள் ஜி-யும் ஹெச்-சும். தனித்தனியாக வந்தால் ஒரு தொல்லையும் இல்லை, அடுத்தடுத்து வரும்போதுதான் சிக்கல். இரவைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லில் இரண்டும் எழுத்தில் இருக்கின்றன, ஆனால் வாயில் வருவதில்லை. சிரிப்பதைச் சொல்லும் 'லாஃப்' என்ற சொல்லில் அதே இரண்டும் சேர்ந்து 'ஃப்' ஆகிவிடுகின்றன. பேய்க்கான 'கோஸ்ட்' என்ற சொல்லிலோ ஜி மட்டும் ஒலிக்கிறது, ஹெச் சும்மா நிற்கிறது.

"இதுக்கெல்லாம் காரணம் கேட்காதே, மனப்பாடம் பண்ணு" என்றுதான் பெரும்பாலும் பிள்ளைகளிடம் சொல்கிறோம். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. காரணம் இருக்கிறது, அதுவும் ஒரு குழந்தைக்குப் புரிகிற அளவுக்கு எளிமையாகவே இருக்கிறது. இந்த ஜோடி சொல்லின் எந்த இடத்தில் நிற்கிறது, அதற்கு முன்னால் எந்த உயிரெழுத்து நிற்கிறது என்ற இரண்டை மட்டும் பார்த்துப் பழகினால், அன்றாடம் புழங்கும் சொற்களில் பெரும்பகுதி தானாகவே வரிசைக்கு வந்துவிடும். மிஞ்சுவது ஒரு பத்துப் பன்னிரண்டு சொல்தான், மனப்பாடம் அவற்றுக்கு மட்டும் போதும்.

முதலில் சுலபமானதை முடித்துவிடலாம். சொல்லின் தொடக்கத்தில் ஜி-ஹெச் வந்தால் எப்போதும் 'தங்கம்' என்ற சொல்லில் வரும் க-வின் ஒலிதான், விதிவிலக்கு கிடையாது. 'கோஸ்ட்' என்றால் பேய், ஆவி. 'காஸ்ட்லி' என்றால் கோரமான, பார்க்கவே கொடூரமான. (விலை அதிகம் என்கிற காஸ்ட்லி வேறு, அது சி-யில் தொடங்கும்.) 'அகாஸ்ட்' என்றால் அதிர்ந்துபோய் நிற்கிற நிலை. இந்த மூன்றும் ஒரே குடும்பம். பழைய ஆங்கிலத்தில் பேய்க்கான சொல்லை ஜி மட்டும் போட்டுத்தான் எழுதினார்கள். 1476-இல் வில்லியம் கேக்ஸ்டன் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை வெஸ்ட்மின்ஸ்டரில் அமைத்தார். அதற்கு முன் பல வருடங்கள் இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் புரூஜ் நகரில் வாழ்ந்தவர் அவர். அந்தப் பக்கத்து ஃபிளெமிஷ் மொழியில் இதே சொல்லை ஜி-ஹெச் போட்டு எழுதுவார்கள், அந்தப் பழக்கம் அவருடைய புத்தகங்கள் வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்து அப்படியே நிலைத்துவிட்டது.

தொடக்கத்தில் வரும் மற்றவை அநேகமாக வெளியிலிருந்து வந்தவை. 'கெர்கின்' ஊறுகாய் போடும் சின்ன வெள்ளரி, தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஏற்றுமதிக்காகப் பயிரிடுகிறார்களே அதுதான், பெயர் டச்சு மொழியிலிருந்து வந்தது. 'கெட்டோ' என்றால் ஒரு இனத்தாரை ஒதுக்கி வைத்த நகரப் பகுதி. 1516-இல் வெனிஸ் நகரம் யூதர்களை ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான் வாழ வேண்டும் என்று அடைத்தபோது அந்த இடத்துக்கு இருந்த பெயர் இது. சொல்லின் நடுவில் ஜி-ஹெச் வரும் 'ஸ்பகெட்டி'யும் இத்தாலியச் சொல்லே. இத்தாலிய எழுத்துமுறையில் இ, ஐ என்ற எழுத்துகளுக்கு முன்னால் ஜி தனியாக வந்தால் 'ஜ' என்று ஒலித்துவிடும், அதைத் தடுக்கத்தான் நடுவில் ஹெச் போடுகிறார்கள். 'கூல்' என்பது பிணந்தின்னிப் பேய், அரபியிலிருந்து வந்தது. நெய்யைக் குறிக்கும் 'கீ', மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆங்கிலப் பெயரில் வரும் 'காட்ஸ்' இரண்டும் இந்திய மொழிகளிலிருந்து போனவை. இந்தியில் மூச்சு சேர்த்துச் சொல்லும் ஒரு க-வை எழுதிக் காட்டுவதற்காக அங்கே ஹெச் சேர்ந்தது.

இனி நடுவிலும் கடைசியிலும் வரும் ஜி-ஹெச். விஷயமே இங்கேதான்.

ஆயிரம் வருடங்களுக்கு முந்திய ஆங்கிலத்தில் இரவுக்கு 'நிஹ்ட்' என்றும் மகளுக்கு 'டொஹ்டோர்' என்றும் சொன்னார்கள். இதில் வரும் 'ஹ்' நாம் இன்று சொல்லும் மென்மையான ஹெச் இல்லை, தொண்டைப் பக்கத்திலிருந்து காற்றை உரசிக்கொண்டு வெளியே விடும் ஒரு முரட்டு ஒலி. 'எஃகு' என்ற சொல்லில் ஆய்தத்தை நன்றாக அழுத்திச் சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த இடத்துக்கு வந்துவிடுவீர்கள். அன்றைக்கு அதை ஹெச் என்ற ஒற்றை எழுத்தால் எழுதினார்கள். 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள், அப்புறம் எழுத்து வேலை முழுக்க பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்களின் கைக்குப் போயிற்று. அவர்கள் வழக்கத்தில்தான், அடுத்தடுத்த நூற்றாண்டுகளில், இந்த உரசல் ஒலிக்கு ஜி-ஹெச் என்ற இரட்டை எழுத்து நிலைபெற்றது. அதாவது ஜி-ஹெச் ஒருகாலத்தில் நிஜமாகவே ஒலித்த எழுத்து, யாரோ அலங்காரத்துக்குச் சேர்த்தது இல்லை.

பிறகு அந்த ஒலி மெல்லத் தேய்ந்தது. பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து பதினேழாம் நூற்றாண்டுக்குள் தென் இங்கிலாந்தின் பேச்சிலிருந்து அது போயே போய்விட்டது. ஆனால் அதற்குள் அச்சகம் வந்துவிட்டதால், புத்தகங்களில் எழுத்துக்கூட்டல் உறையத் தொடங்கியிருந்தது. ஒலி போய்விட்டது, எழுத்து தங்கிவிட்டது.

இது ஊகம் இல்லை என்பதற்குச் சாட்சி ஆங்கிலத்தின் உறவு மொழியான ஜெர்மன். இரவுக்கு 'நாஹ்ட்', மகளுக்கு 'டொஹ்டர்', எட்டுக்கு 'ஆஹ்ட்', சிரிப்பதற்கு 'லாஹன்', அண்டை வீட்டாருக்கு 'நாஹ்பார்' என்று இன்றைக்கும் அந்த உரசலோடு சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் ஜி-ஹெச் நிற்கும் இடத்தில் அவர்கள் சி-ஹெச் எழுதுகிறார்கள், அவ்வளவுதான் வேறுபாடு. நர்ஸ் வேலைக்கோ மேல்படிப்புக்கோ ஜெர்மன் படிக்கிறவர்களுக்கு இது மிகவும் உதவும், பாதிச் சொல் ஏற்கெனவே தெரிந்ததாகிவிடும். அவ்வளவு தூரம் போவானேன், ஸ்காட்லாந்தில் ஏரியை 'லாஹ்' என்பார்கள், அங்குள்ள பழைய பேச்சுவழக்கில் இரவு இன்னும் 'நிஹ்ட்'தான்.

இப்போது ஐ-ஜி-ஹெச்-டீ என்று முடியும் சொற்களுக்கு வருவோம். குடும்பங்களிலேயே பெரியது இது, ஒழுங்கானதும் இதுதான். உரசல் ஒலி மறைந்தபோது அதற்கு முன்னால் இருந்த குறில் 'இ' நீண்டு நெடிலானது, நிஹ்ட் 'நீட்' ஆயிற்று. அப்புறம் ஆங்கில நெடில்கள் எல்லாம் ஒட்டுமொத்தமாக இடம் மாறிய காலம் ஒன்று வந்தது, அதில் அந்த 'ஈ' நகர்ந்து 'ஐ' ஆகி 'நைட்' பிறந்தது. அதனால் இந்தக் குடும்பத்தில் ஜி-ஹெச் வேலை செய்யாமல் நிற்கிறது என்று நினைக்க வேண்டாம். 'ஃபிட்', 'லிட்', 'சிட்' என்ற சொற்களில் கடைசி டீ-க்கு முன் ஜி-ஹெச் சேர்த்துப் பாருங்கள், 'ஃபைட்', 'லைட்', 'சைட்' கிடைக்கும். முன்னால் இருக்கும் ஐ என்ற எழுத்தை 'ஐ' என்றே நீட்டிச் சொல் என்று நமக்குக் காட்டுவதுதான் அதன் இன்றைய வேலை.

'லைட்' என்றால் ஒளி, எடை குறைந்தது என்றும் பொருள், இரண்டும் வெவ்வேறு வேரிலிருந்து வந்து இன்று ஒன்றுபோல ஆகிவிட்டவை. 'ரைட்' சரி, வலது பக்கம், உரிமை. 'பிரைட்' பளிச்சென்ற. 'டைட்' இறுக்கமான. 'ஃபிளைட்' பறத்தல், விமானப் பயணம், தப்பி ஓடுதல். 'சைட்' பார்வை, காட்சி. 'மைட்' வலிமை, கூடவே 'வரலாம்', 'இருக்கலாம்' என்பதில் வரும் லாம். 'ஃபிரைட்' திகில். 'ஸ்லைட்' என்றால் சிறிதளவான, ஆனால் வினையாக வரும்போது ஒருவரை மதிக்காமல் புறக்கணிப்பது என்று பொருள் மாறும், செய்திகளில் இந்த இரண்டாவது பொருள் நிறைய வருகிறது. தமிழில் எழுதினால் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு 'பிளைட்' உண்டு. பென் என்ற சொல்லின் முதலெழுத்தில் தொடங்குவது அவலநிலை. பஸ் என்ற சொல்லின் முதலெழுத்தில் தொடங்குவது பயிரைத் தாக்கும் கருகல் நோய், 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரில் புகுந்து பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்தது இந்த இரண்டாவதுதான்.

முன்னால் ஒரு கே சேர்ந்து வரும் 'நைட்' வேறு சொல். அந்த கே-யும் ஒருகாலத்தில் ஒலித்தது, 'க்னிஹ்ட்' என்பார்கள், பொருள் வெறும் பையன், பணியாள். அரசனுக்குப் பணி செய்கிற பையன் காலப்போக்கில் குதிரைவீரன் ஆனான், அப்புறம் 'சர்' பட்டம் பெற்ற கனவான் ஆனான். சதுரங்கத்தில் நாம் குதிரை என்று சொல்லும் காய்க்கு ஆங்கிலத்தில் இதுதான் பெயர்.

இரவு நைட்டோடு சேர்ந்த இரண்டு சொற்களையும் இங்கேயே பார்த்துவிடலாம். 'ஃபோர்ட்நைட்' என்றால் இரண்டு வாரம். பதினான்கு இரவு என்பதைச் சேர்த்துச் சொல்லிச் சொல்லிச் சுருங்கியது. அமெரிக்கர்கள் இதை அதிகம் பயன்படுத்துவதில்லை, நம் நாட்டு ஆங்கிலத்தில் தாராளமாகப் புழங்குகிறது, 'மாதமிருமுறை' வரும் பத்திரிகையை ஆங்கிலத்தில் ஃபோர்ட்நைட்லி என்பார்கள். 'நைட்மேர்' என்றால் கெட்ட கனவு. இதில் வரும் 'மேர்' பெண் குதிரை என்று பலரும் நினைக்கிறார்கள், அது இல்லை. தூங்குகிறவர் நெஞ்சின் மேல் ஏறி அமுக்கும் ஆவிக்குப் பழைய ஆங்கிலத்தில் இருந்த பெயர் அது. நம் ஊரில் அமுக்குவான் பேய் என்று சொல்வார்களே, அதே சங்கதி.

டீ இல்லாமல் ஐ-ஜி-ஹெச் என்று முடிந்தாலும் ஒலி 'ஐ'தான்: 'ஹை' உயரமான, 'சை' பெருமூச்சு, 'தை' தொடை, 'நை' பக்கத்தில். கடைசியாகச் சொன்ன நை இன்று தனியாக அதிகம் வருவதில்லை.

அதற்கு முன்னால் ஒரு இ சேர்ந்து இ-ஐ-ஜி-ஹெச் ஆனால் ஒலி 'ஏ' ஆகிவிடும். 'எய்ட்' எட்டு. 'வே' எடை போடு, 'வெய்ட்' எடை. 'நே' குதிரை கனைப்பது. 'ஸ்லே' பனியில் இழுக்கும் சறுக்கு வண்டி. 'ஃப்ரெய்ட்' சரக்கு, சரக்குக் கட்டணம், ரயில்வே செய்திகளில் வரும் ஃப்ரெய்ட் காரிடார் சரக்கு ரயில்களுக்கென்று போட்ட தனிப்பாதை. 'நெய்பர்' அண்டை வீட்டார், பக்கத்தில் என்ற அந்த நை-யோடு குடியிருப்பவர் என்ற சொல் சேர்ந்து வந்தது. விதிவிலக்கு இரண்டுதான் நினைவில் வைக்க வேண்டும். உயரத்துக்கான 'ஹைட்' ஒன்று, அது ஹை என்பதிலிருந்து வந்ததால் 'ஐ' ஒலியை விடவில்லை. வித்தைக்காரரின் கைத்திறனைச் சொல்லும் 'ஸ்லைட்' இன்னொன்று.

இ-க்குப் பதில் ஏ வந்தால் 'ஸ்ட்ரெய்ட்', நேரான. இழுத்து நீட்டுவதைச் சொல்லும் 'ஸ்ட்ரெச்' என்ற வினையின் பழைய வடிவம் இது, இழுத்துப் பிடித்தால் எதுவும் நேராகிவிடும் இல்லையா. பாக் நீரிணை, மலாக்கா நீரிணை என்று வரைபடத்தில் வரும் 'ஸ்ட்ரெய்ட்' வேறு, அது குறுகலானது என்ற பொருளில் பிரெஞ்சு வழியாக வந்தது, அதில் ஜி-ஹெச் கிடையாது.

சரி, இப்போது தேர்வுத் தாளில் அதிகம் பிழை வரும் இடம், இறந்தகால வினைகள். 'காட்' பிடித்தான், 'டாட்' கற்பித்தான், 'பாட்' வாங்கினான், 'பிராட்' கொண்டுவந்தான், 'தாட்' நினைத்தான், 'சாட்' தேடினான், 'ஃபாட்' சண்டை போட்டான். எல்லாமே வாயைக் கொஞ்சம் குவித்துச் சொல்லும் 'ஆ', கடைசியில் 'ட்', காதுக்கு ஒரே மாதிரி. எழுதும்போது ஏ-யு-ஜி-ஹெச்-டீ போடுவதா, ஓ-யு-ஜி-ஹெச்-டீ போடுவதா என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். வழி மிகவும் எளிது. நிகழ்கால வினையின் எழுத்துகளைப் பாருங்கள். 'கேட்ச்' என்பதில் ஏ இருக்கிறது, 'டீச்' என்பதிலும் இ-க்குப் பிறகு ஏ இருக்கிறது, அந்த இரண்டுக்கும் ஏ-யு. 'பை', 'பிரிங்', 'திங்க்', 'சீக்', 'ஃபைட்' எதிலும் ஏ இல்லை, எல்லாவற்றுக்கும் ஓ-யு. வாங்கினான், கொண்டுவந்தான் என்ற இரண்டும் குழம்பினால் ஆர் என்ற எழுத்தைத் தேடுங்கள். பிரிங் என்பதில் ஆர் உண்டு, அதனால் பிராட் என்பதிலும் உண்டு. பை என்பதில் இல்லை, பாட் என்பதிலும் இல்லை. இந்த ஒரு பத்தி மட்டும் மனதில் நின்றாலே மதிப்பெண்ணில் தெரியும்.

இந்தக் கூட்டத்தில் 'ஆட்' என்று இன்னொன்று உண்டு, செய்ய வேண்டியது கடமை என்று சொல்வதற்கு. கடன்பட்டிருப்பதைச் சொல்லும் 'ஓ' என்ற வினையின் பழைய இறந்தகாலம் இது, கடனும் கடமையும் அங்கேயும் சேர்ந்தே இருக்கின்றன. 'ராட்' என்பது வேலை என்று பொருள்படும் 'வொர்க்' வினையின் பழைய வடிவம், டபிள்யூ-வில் தொடங்கும், நாம் பாடப்புத்தகத்தில் படித்த தேனிரும்புக்கு ஆங்கிலத்தில் 'ராட் அயர்ன்' என்று பெயர், வேலை செய்து அடித்து உருவாக்கிய இரும்பு. அதே வேரிலிருந்துதான் செய்பவர் என்று பொருள்படும், டபிள்யூ-வில் தொடங்கும் 'ரைட்' வருகிறது. நாடக ஆசிரியரைக் குறிக்கும் 'பிளேரைட்' என்ற சொல்லை எழுதுவது என்ற பொருள்தரும் ரைட் போட்டு எழுதுகிறவர்கள் ஏராளம். அது தவறு, அவர் நாடகத்தை உருவாக்குகிறவர், அதனால் ஜி-ஹெச் உள்ள ரைட்தான் வர வேண்டும். விமானம் செய்த ரைட் சகோதரர்களின் குடும்பப் பெயரும் இதே எழுத்துக்கூட்டல்தான்.

ஏ-யு-ஜி-ஹெச் வரும் மற்ற சொற்கள்: 'டாட்டர்' மகள், 'ஸ்லாட்டர்' கொன்று குவித்தல் அல்லது இறைச்சிக்காக வெட்டுதல், 'ஆன்ஸ்லாட்' மூர்க்கமான தாக்குதல், 'டிஸ்ட்ராட்' துயரத்தில் நிலைகுலைந்த. 'ஃப்ராட்' என்றால் (ஆபத்தோ சிக்கலோ) நிறைந்த, ஏமாற்றுக்காரனைச் சொல்லும் ஃப்ராடு இல்லை. சரக்கு என்ற ஃப்ரெய்ட்டும் இதுவும் உடன்பிறந்தவை, முன்பு இதற்குச் சரக்கு ஏற்றப்பட்ட என்றே பொருள். 'நாட்டி' குறும்புக்கார. ஒன்றுமில்லை என்ற 'நாட்' வேரிலிருந்து வந்தது, முதலில் ஒன்றுமில்லாத ஏழை, பிறகு ஒன்றுக்கும் உதவாத கெட்டவன், கடைசியில் வீட்டில் ஓடி விளையாடும் வாண்டு என்று இந்தச் சொல்லின் கடுமை நூற்றாண்டுக்கு நூற்றாண்டு குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

ஏ-யு குடும்பத்தில் 'ஃப்' ஒலி வருவது மிகச் சிலவற்றில்தான், 'லாஃப்', 'லாஃப்டர்', அப்புறம் 'ட்ராஃப்ட்'. இந்தக் கடைசிச் சொல்லுக்குப் பொருள் பல. கதவிடுக்கில் வீசும் குளிர்காற்று, பீப்பாயிலிருந்து பிடிக்கும் பீர், கப்பல் நீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழம். எல்லாவற்றுக்கும் அடிப்படை இழுப்பது, அதாவது 'ட்ரா'. அமெரிக்கர்கள் இதை எஃப் போட்டே எழுதிவிடுகிறார்கள். வங்கியில் எடுக்கும் டிமாண்ட் டிராஃப்ட்டும் இதே சொல்தான், அதை நாமும் எஃப் போட்டுத்தான் எழுதுகிறோம். இதோடு குழம்புவது 'ட்ரவுட்', வறட்சி. அது காய்ந்த என்ற 'ட்ரை' வழி வந்தது. ட்ரா என்பதில் ஏ இருப்பதால் ட்ராஃப்ட் என்பதற்கு ஏ-யு, ட்ரவுட் என்பதற்கு ஓ-யு.

அது ஏன் சில சொற்களில் மட்டும் 'ஃப்' ஆயிற்று? உதட்டைக் குவித்துச் சொல்லும் உயிரொலிக்குப் பிறகு அந்தத் தொண்டை உரசல் வந்தபோது, சில வட்டாரங்களில் உரசல் தொண்டையை விட்டு உதட்டுக்கு நகர்ந்துவிட்டது, உதட்டில் உரசினால் அது ஃப்தானே. வேறு வட்டாரங்களில் நகராமல் மறைந்தே போனது. பல பக்கத்து மக்களும் வந்து கலந்த லண்டன் பேச்சில் ஒரு சொல் இந்த வட்டாரத்திலிருந்தும் இன்னொரு சொல் அந்த வட்டாரத்திலிருந்தும் வந்து பொதுவழக்காகிவிட்டன. பிசைந்த மாவுக்கு இன்று பொது ஆங்கிலத்தில் 'டோ', ஆனால் வட இங்கிலாந்தில் அதையே 'டஃப்' என்றார்கள், 'பிளம் டஃப்' என்ற பழைய இனிப்பின் பெயரில் அது இன்னும் இருக்கிறது. ஒரே மாவு, இரண்டு வட்டாரத்து வாய்.

இதைத் தெரிந்துகொண்டால் ஓ-யு-ஜி-ஹெச் என்ற கூட்டத்தைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. மனப்பாடம் தேவைப்படும் இடம் இது மட்டும்தான். 'அஃப்' என்று முடிபவற்றில் அடிக்கடி வருபவை மூன்று: 'டஃப்' கடினமான, 'ரஃப்' கரடுமுரடான, 'இனஃப்' போதும். 'ஆஃப்' என்று முடிபவை இரண்டு: 'காஃப்' இருமல், 'ட்ராஃப்' மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் நீளமான தொட்டி. மழைக்காலத்து வானிலை அறிக்கையில் இந்த ட்ராஃப் அடிக்கடி வரும், நீளவாக்கில் கிடக்கும் குறைந்த காற்றழுத்தப் பகுதி என்று பொருள். 'ஓ' என்று முடிபவை 'தோ', 'ஆல்தோ' (இருந்தாலும், என்றாலும்), மாவுக்கான 'டோ'. 'அவ்' என்று முடிபவை 'பிளவ்' (ஏர், கலப்பை, உழுவது), 'பவ்' (மரத்தின் பெரிய கிளை). 'ஊ' என்று முடிவது 'த்ரூ' ஒன்றே ஒன்று, வழியாக, ஊடாக என்று பொருள். 'தரா' என்றால் முழுமையான, ஒன்றுவிடாமல் செய்த. த்ரூவும் தராவும் முன்பு ஒரே சொல்தான், ஒரு விஷயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஊடுருவிப் போவதுதானே முழுமை. 'பரா' என்றால் நகரத்தின் ஒரு நிர்வாகப் பகுதி, நியூயார்க் அப்படி ஐந்தாகப் பிரிந்திருக்கிறது. 'ஸ்லஃப்' என்றால் பாம்பு உரிக்கும் சட்டை, அதே எழுத்துகளை 'ஸ்லவ்' என்று படித்தால் சேற்றுநிலம்.

த்ரூ, தோ, தரா, தாட், டஃப் ஐந்தும் வேகமாகப் படிக்கும்போது ஒன்றுபோலவே தெரியும். ஆர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். த்ரூ, தரா இரண்டில்தான் அது உண்டு, அதிலும் தரா என்பதில் ஓ இரண்டு தடவை வரும். கடைசியில் டீ இருந்தால் தாட். தொடக்க டீ-க்குப் பின் ஹெச் இல்லாவிட்டால் டஃப். எதுவுமே இல்லாமல் மிஞ்சுவது தோ.

உரசல் ஒலி ஒருநாளும் இல்லாத சொற்களுக்குள்ளும் ஜி-ஹெச் புகுந்ததுண்டு. மகிழ்ச்சியைச் சொல்லும் 'டிலைட்' பிரெஞ்சிலிருந்து வந்தது, ஒளிக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் லைட் என்ற சொல்லைப் பார்த்து இதற்கும் ஜி-ஹெச் போட்டுவிட்டார்கள். இறுமாப்புள்ள என்று பொருள்படும் 'ஹாட்டி' உயரம் என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, அதற்கும் இதே கதை. விக்கலுக்கான 'ஹிக்கப்' என்பதைச் சிலர் இருமல் என்ற காஃப் எழுத்துகளைப் போட்டு எழுதுவார்கள், விக்கலுக்கும் இருமலுக்கும் சொல்லளவில் தொடர்பே கிடையாது. சாதாரண எழுத்துக்கூட்டலே நல்லது.

இவ்வளவு தொல்லை தரும் எழுத்துகளை எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டவர்களும் இருக்கிறார்கள். 1906-இல் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூசவெல்ட், 300 சொற்களைச் சுருக்கமாக அச்சிடும்படி அரசு அச்சகத்துக்கு உத்தரவு போட்டார். தோ, த்ரூ இரண்டும் ஜி-ஹெச் இல்லாமல் அந்தப் பட்டியலில் இருந்தன. எதிர்ப்பு பலமாக வந்ததால் அந்த வருடக் கடைசியிலேயே விட்டுவிட்டார். சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் 1930-களில் தொடங்கிப் பல வருடங்கள் அப்படிச் சுருக்கி எழுதிப் பார்த்து 1975-இல் கைவிட்டது. நிலைத்தது ஒன்றிரண்டுதான். கலப்பையை அமெரிக்கர்கள் ஓ-டபிள்யூ போட்டு முடிக்கிறார்கள், அதனால் உங்கள் கணினி அமெரிக்க ஆங்கிலத்தில் அமைந்திருந்தால் நம் எழுத்துக்கூட்டலுக்கு அடியில் சிவப்புக் கோடு விழும், பயந்து மாற்ற வேண்டாம். நம் பாடநூல்கள் பிரிட்டிஷ் முறைதான்.

ஊர்ப்பெயர்களில் விதியைத் தேடாதீர்கள். ஸ்காட்லாந்தின் தலைநகரைக் கடைசி ஜி-ஹெச் போட்டு எழுதி 'எடின்பரா' என்பார்கள். அமெரிக்காவில் அதே முடிவுள்ள ஊர் 'பிட்ஸ்பர்க்' என்று ஒலிக்கும். அந்த ஊரின் கடைசி ஹெச்சை 1891-இல் அமெரிக்க அரசின் ஊர்ப்பெயர் வாரியம் நீக்கியது, ஊர்க்காரர்கள் விடவில்லை, 1911-இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

இதையெல்லாம் பழகியபின் ஒரு இடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். இரண்டு சொற்கள் ஒட்டும்போது ஒன்றின் கடைசி ஜி-யும் அடுத்ததன் முதல் ஹெச்-சும் தற்செயலாகப் பக்கத்தில் வந்துவிடும், அப்போது இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். 'டாக்ஹவுஸ்' நாய்க்கூண்டு. 'ஃபாக்ஹார்ன்' மூடுபனியில் கப்பல்களை எச்சரிக்க ஊதும் ஊதுகுழல். 'ஸ்ட்ராங்ஹோல்ட்' கோட்டை, தேர்தல் செய்திகளில் ஒரு கட்சிக்குப் பலமான தொகுதி. இந்தச் சொல்லை நடுவில் வெட்டினால் ஜி ஸ்ட்ராங் பக்கம் போகும், ஹெச் ஹோல்ட் பக்கம் போகும்.